பிள்ளைக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்க நமக்கும் முடியும்

மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்து ரிப்போர்ட் வந்த வாரம். காலையில் பெரட்டுக்களத்தில் நின்றபோது ஸ்டோரில் ரோலர் வேலை செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, மூத்தவன் சயன்ஸ்ல 21 மார்க்ஸ்தான் எடுத்திருக்கான். அடிச்சும் பாத்தாச்சு. நான் படிச்சது அஞ்சாம் வகுப்பு. சொல்லிக் குடுக்க நமக்கு என்னா தெரியுங்க?" என்றார். அப்போது அவருக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. டியூஷன் அனுப்பிப் பாருங்கள் என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து வேறு வேலையாக ஸ்டோருக்குப் போனேன். அதே மனிதர், உருட்டி விரித்துப் போட்டிருந்த கொழுந்தில் ஒரு பிடி அள்ளினார். வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்த்தார், மூக்குக்குக் கிட்ட கொண்டு போய் மணந்து பார்த்தார். "இன்னும் பத்து நிமிசம் போகட்டும், இன்னைக்குக் குளிரு" என்றார். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பிள்ளைகள் பாடமாக்கும் ஒட்சியேற்றம், நொதியம், வெப்பநிலை மூன்றையும் அவர் ஒரே மூச்சில் செய்து காட்டிவிட்டார். இந்த மனிதருக்கா ஒன்றும் தெரியாது?

நம்முடைய பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கஷ்டமாக இருப்பதற்கு மூளை காரணமல்ல. புத்தகத்தில் சொல் இருக்கிறது, பொருள் இல்லை. நம்மிடம் பொருள் இருக்கிறது, சொல் இல்லை. பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். "ஆவி என்றால் என்ன?" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டேன். "செத்தவங்க வாறது ஐயா" என்றது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்த சொல்லைத்தான் சொன்னது. கேத்தலை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு, கொஞ்சம் தள்ளி நிற்க வைத்து, மூக்கைப் பார்க்கச் சொன்னேன். கேத்தல் மூக்குக்கும் வெள்ளைப் புகைக்கும் இடையில் ஒன்றுமே தெரியாத சின்ன இடைவெளி இருக்கும். அந்தக் கண்ணுக்குத் தெரியாததுதான் நீராவி. வெள்ளையாகத் தெரிவது, நீராவி குளிர்ந்து திரும்பவும் சின்னச் சின்னத் தண்ணீர்த் துளியானது. அதற்குப் புத்தகத்தில் ஒடுங்கல் என்று பெயர். அப்போது அதே பிள்ளை சொன்னது: "அப்ப நம்ம மலையில எறங்குற பனிமூட்டமும் இதானா?" அதேதான். ஒடுங்கல் என்ற சொல்லை அந்தப் பிள்ளை இனி மறக்காது.

சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைக் காம்பராவில், சின்னப் பிள்ளைகள் போன பிறகு, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை வைத்து இப்படிச் சில மாதங்களாகச் செய்து வருகிறோம். நான் ஆசிரியர் அல்ல. சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்தை விட்டவன். நான் படித்த காலத்தில் விஞ்ஞானச் சாமான்கள் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும், உடைந்துவிடும் என்று யாரும் தொடவிட மாட்டார்கள். சோதனைக்குழாயைப் படத்தில் மட்டுமே கண்டேன். ஆகவே நான் பிழையாகச் சொன்னதைத் திருத்த, பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை இரண்டு சனிக்கிழமை வந்து உட்கார்ந்திருந்தார். கீழே எழுதியிருப்பது அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான்.

எங்கள் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். செய்வதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டும், அதைக் கொப்பியில் எழுத வேண்டும். பிழையாக இருந்தால் அடியும் இல்லை, சிரிப்பும் இல்லை. முன்னால் சொல்லிவிட்ட பிள்ளை, தான் சொன்னது சரியா என்று பார்க்கக் கண்ணை எடுக்காமல் நிற்கும். சொல்லாத பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்க்கும். இதை நான் கண்ணால் கண்டேன்.

முதல் பரிசோதனை கொழுந்துதான். மூன்று பீங்கான் எடுத்தோம். ஒன்றில் கொழுந்தை அப்படியே வைத்தோம். இரண்டாவதில், சாறு வரும்வரை உள்ளங்கையில் கசக்கி உருட்டிய கொழுந்து. மூன்றாவதில், கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஆறியதும் அதேமாதிரி கசக்கிய கொழுந்து. ஒரு மணித்தியாலம் கழித்து எது என்ன நிறமாக இருக்கும்? பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் "மூணாவதுதான் கறுக்கும், வெந்திருச்சில்ல" என்று எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் மூன்றுமே கறுக்கும் என்றான்.

நடந்தது வேறு. அப்படியே வைத்தது பச்சையாகவே இருந்தது. கசக்கியது செம்பு நிறமாகி ஸ்டோர் வாசனை வந்தது. வெந்நீரில் போட்டுக் கசக்கியது மங்கலான பச்சையாகவே நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உடனே காரணம் சொல்லவில்லை. இது எனக்கு ஆசிரியை சொல்லித் தந்த பாடம்: "கேள்வி சூடா இருக்கிறப்ப விடையைக் குடுத்துறாதீங்க, கொஞ்சம் தடுமாறட்டும்." தடுமாறினார்கள். பிறகு ஒரு பெண்பிள்ளை, "வெந்நி எதையோ கொன்னுடுச்சு" என்றாள். அதுதான் விடை.

இலைக்குள் ஒரு அறையில் ஒரு பொருளும், வேறு அறையில் நொதியம் என்ற ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன. கசக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர, நிறமும் மணமும் மாறுகிறது. சூடு பட்டால் நொதியம் செயலிழந்துவிடும், மாற்றம் நின்றுவிடும். ரோலர் செய்வது சுவரை உடைக்கும் வேலை. டிரையர் செய்வது, ஈரத்தை எடுப்பதோடு சேர்த்து, அந்த மாற்றத்தை நிறுத்தும் வேலை. பச்சைத் தேயிலை என்று கடையில் விற்பதை முதலிலேயே சூடாக்கிவிடுவதால்தான் அது பச்சையாக இருக்கிறது. இதைப் புளிக்க வைப்பது என்று நாம் சொல்கிறோம், ஸ்டோரிலும் பெர்மன்டிங் என்கிறார்கள். ஆனால் அப்ப மா புளிப்பது ஈஸ்ட்டினாலும் வேறு நுண்ணுயிர்களாலும். தேயிலை மாறுவது அப்படியல்ல, இலையின் சொந்த நொதியத்தால். பழைய பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே வழியில்தான். வெட்டின இடத்தில் தேசிக்காய்ப் புளி தடவினால் கறுப்பது குறையும். வீட்டில் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அந்த ரோலர் வேலைக்காரரையே வகுப்புக்குக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்று வெட்கப்பட்டார். வந்த பிறகு, குளிர் நாளில் ஏன் அதிக நேரம் விட வேண்டும், வெயில் நாளில் எப்படி ஓடிப் பார்க்க வேண்டும் என்று அரை மணித்தியாலம் பேசினார். பிள்ளைகள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கசக்கிய கொழுந்தை ஒரு பீங்கானில் அடுப்புக்குக் கிட்டவும் இன்னொன்றில் வெளியே இஸ்தோப்பிலும் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதினார்கள். அடுப்புக்குக் கிட்ட இருந்தது முந்தியது. 21 மார்க்ஸ் எடுத்த பையன் அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான், அப்பா பேசப் பேச மற்றவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

தராசும் செய்தோம். ஒரு கம்பு, இரண்டு சிரட்டை, நூல். படிக்கல்லுக்குப் பதிலாக, கடையில் நிறுத்து வாங்கிய மணல் பொட்டலங்கள். பச்சைக் கொழுந்தை நிறுத்து, காய வைத்துத் திரும்ப நிறுத்தோம். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போகிறது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். கூடையில் சுமப்பதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீரைத்தான் சுமக்கிறோம் என்றதும் ஒரு பிள்ளை, "அம்மாக்கிட்ட சொல்லணும்" என்றது.

இங்கே எதிர்பாராத ஒரு கேள்வி வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "மழை நாள்ல மடுவத்துல ஈரத்துக்குன்னு கழிக்கிறாங்களே ஐயா, நெசமா எவ்வளவு ஈரம் இருக்கும்?" தோட்டத்து உத்தியோகத்தன் நான், எனக்குக் கொஞ்சம் தர்மசங்கடம்தான். பேச்சை மாற்றியிருக்கலாம். ஆனால் விஞ்ஞானம் சொல்லித் தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு, நல்ல கேள்விக்குக் கதவைச் சாத்தினால் பிறகு என்ன வகுப்பு? கொழுந்தை நிறுத்து, தண்ணீரில் நனைத்து, உதறி, மறுபடி நிறுத்தோம். பத்துத் தடவை செய்தோம். பத்தும் பத்து விதமாக வந்தது. லேசாக உதறினால் ஒரு கணக்கு, நன்றாக உதறினால் ஒரு கணக்கு. தூறலுக்கும் அடைமழைக்கும் ஒரே கணக்கு வராது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒருதரம் அளந்ததை நம்பக்கூடாது, பலதரம் அளந்து சராசரி எடுக்க வேண்டும், எப்படி அளந்தோம் என்பதையும் எழுத வேண்டும் என்பதை எந்தப் புத்தகத்தையும் விட இது நன்றாகப் புரிய வைத்தது. அந்தப் பிள்ளையின் கொப்பியை அவளுடைய அம்மாவும் பார்த்திருக்கிறார், கணக்கப்பிள்ளையும் பார்த்திருக்கிறார். அது நல்லதுதான்.

தாய்மார் கட்டாயம் பார்க்க வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. துருப்பிடித்த ஆணி நாலைந்தை ஒரு ஜாம் போத்தலில் போட்டு, மூழ்கும்வரை வினாகிரி ஊற்றி, மூடியை இறுக்காமல் மூன்று நாள் வைக்கவும். இரும்பு கொஞ்சம் கரைந்து வினாகிரிக்குள் வந்துவிடும். பிறகு ஒரு கிளாஸில் சீனி போடாத பிளேன் டீயை ஊற்றி, அந்த வினாகிரியில் ஒரு தேக்கரண்டி விடவும். பிள்ளைகள் என்ன நடக்கும் என்று முதலில் எழுதட்டும். எங்கள் வகுப்பில் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஒரு நொடியில் மை மாதிரிக் கறுத்துப்போனது. உண்மையிலேயே பழைய காலத்து எழுதும் மை இந்த வழியில்தான் செய்யப்பட்டது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டதால் வந்த கறுப்பு அது. (இந்தக் கிளாஸை யாரும் குடிக்கக்கூடாது. முடிந்தவுடன் கொட்டிவிட வேண்டும்.)

அன்றைக்குக் கதவோரம் ஒரு கர்ப்பிணித் தாய் மகளைக் கூட்டிப்போக வந்து நின்றார். கறுத்த கிளாஸைப் பார்த்துவிட்டு, "ஐயா, கிளினிக்ல குடுக்கிற இரும்புக் குளிசையை நான் தேத்தண்ணியிலதான் முழுங்குறேன்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கிளாஸில் நடப்பது அப்படியே வயிற்றிலும் நடக்கிறது என்று சொல்ல முடியாது. வயிறு கிளாஸ் அல்ல. ஆனால் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு உடம்பில் சேருவது குறைகிறது என்பது பலமுறை ஆராய்ந்து கண்ட உண்மை. குளிசையும் அப்படித்தான். ரொட்டியோடு தேத்தண்ணி, சோற்றுக்குப் பிறகு தேத்தண்ணி என்பது நம்முடைய பழக்கம். குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் யார் கேட்பார்கள்? சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது விட்டுக் குடியுங்கள். குளிசையைத் தண்ணீரோடு எடுங்கள். எந்த நேரத்தில் எடுப்பது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கீரைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளி விடுவதும், சாப்பாட்டோடு கொய்யாப்பழம் சாப்பிடுவதும் இரும்பு சேர உதவும், ஏனென்றால் அவற்றில் விற்றமின் சி இருக்கிறது. கறுத்த கிளாஸிலும் நிறையத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள், கறுப்பு மங்குவதைக் காணலாம். நம்முடைய தோட்டங்களில் இரத்தச்சோகை பல வருடத்துப் பிரச்சினை. நான் எத்தனையோ கூட்டத்தில் இதைப் பேசியிருக்கிறேன். அந்த ஒரு கிளாஸ் செய்த வேலையை என் பேச்சு செய்யவில்லை. அந்தத் தாயின் மகள் இப்போது வீட்டில் பெரிய டாக்டர். அம்மா குளிசை எடுக்கும்போது தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்தில் நிற்கிறாளாம்.

சிறியதாக இன்னும் இரண்டு. பருப்பு வேகக் கொழும்பில் எடுக்கும் நேரத்தை விட நுவரெலியாவில் ஏன் அதிகம் எடுக்கிறது? மேலே போகப் போக வளியமுக்கம் குறைகிறது, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிப்பது, சுமார் 300 மீற்றர் ஏறும்போது ஒரு பாகை குறையும். 1,800 மீற்றருக்கு மேல் உள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகைதான். விறகைக் கூட்டிப் போட்டாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடேறாது. பிரஷர் குக்கர் மூடி போட்டு அமுக்கத்தைக் கூட்டித்தான் வேக வைக்கிறது. பாடசாலையின் வெப்பமானியைக் கேட்டு வாங்கி அளந்து பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிதண்ணீரில் வைக்க வேண்டாம், வெடித்துவிடும்.

மற்றது செவ்வரத்தைப் பூ. நாலைந்து பூவை வெந்நீரில் ஊறவைத்த சாற்றைக் கிளாஸ்களில் பிரித்து, தேசிக்காய்ப் புளி, சவர்க்காரத் தண்ணீர், அப்பச் சோடா என்று ஒவ்வொன்றாக விடவும். புளிக்குச் சிவக்கும், சோடாவுக்குப் பச்சையாகும். அமிலம், காரம் என்ற பாடம் முழுவதும் இந்தப் பூவில் இருக்கிறது. பாசிச்சாயத்தாள் இல்லை என்று கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி கேட்பதால் என்ன வரும் என்று கேட்கும் பெற்றோருக்கு, நம்முடைய மலைகளின் கதையையே சொல்லலாம். நம் முன்னோர் முதலில் இங்கு வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1869 இல் கோப்பி இலைக்கு அடியில் மஞ்சள் தூள் மாதிரி ஒரு நோய் கண்டது. கொஞ்ச வருடத்தில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராய 1880 இல் இங்கிலாந்திலிருந்து ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி வந்தார். பசைபோன்ற கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்துக் காற்றில் வைத்து, அதில் ஒட்டியதைப் பார்த்தார். நோயின் வித்திகள் காற்றில் பறந்து வருகின்றன என்று கண்டார். கோப்பியைக் காப்பாற்றக் காலம் கடந்துவிட்டது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1946 இல் தேயிலைக்கும் கொப்புள நோய் வந்தபோது, 1925 இலேயே ஆரம்பிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருந்தது, வழி தேடுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். தேயிலை நின்றது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கண்ணாடித் துண்டில் தேங்காயெண்ணெய் தடவி இஸ்தோப்பில் ஒரு நாள் வைத்தோம். தூசியும் நாரும் ஒட்டியிருந்தது கைவில்லையில் தெரிந்தது. வித்திகளைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். பாடசாலையில் ஒன்று இருக்கிறது என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

வகுப்பு நடத்த நினைக்கும் இளைஞர்களுக்குச் சில அனுபவங்கள். நாலு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம், ஐந்தாவது பிள்ளை வேடிக்கை பார்க்கும். ஒருவர் செய்ய, ஒருவர் மணிக்கூடு பார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் மற்றக் குழுவுக்கு விளக்க. அடுத்த வாரம் வேலையை மாற்ற வேண்டும். கவனிக்காமல் விட்டால் பையன்கள் செய்வார்கள், பெண்பிள்ளைகள் கிளாஸ் கழுவுவார்கள். எங்களிடமும் முதல் மூன்று வாரம் அப்படித்தான் நடந்தது, ஆசிரியை சுட்டிக்காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. பரிசோதனை சரிவராத நாளும் வரும். மண்ணரிப்புக் காட்ட இரண்டு போத்தலில் புல் உள்ள மண்ணும் வெறும் மண்ணும் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். நான் மண்ணை இறுக்கி அடைத்துவிட்டதால் இரண்டிலும் ஒரேமாதிரிக் கலங்கல் வந்தது. பிள்ளைகள் அதையும் அப்படியே எழுதினார்கள். அழித்துவிட்டு, புத்தகத்தில் இருக்கும் விடையை எழுதச் சொல்லாதீர்கள்.

வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. பிள்ளை ஏன் என்று கேட்டால் "வாயை மூடு" என்று சொல்லாமல், "எனக்குத் தெரியல, நீ கேட்டுட்டு வந்து சொல்லு" என்று சொன்னாலே போதும். சாயங்காலம் கொப்பியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்துத் தெரியாதவர்களும் கேட்கலாம்.

மலையகத்தில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு. இருக்கும் இடத்துக்குப் போக வேண்டுமானால் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் நல்ல பெறுபேறாக இருக்க வேண்டும். அதற்கான அத்திவாரம் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில்தான் விழுகிறது. ரோலர்காரரின் மகனுக்கு இந்தத் தவணையில் 43 வந்திருக்கிறது. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது, ஆனால் அப்பா இப்போது அடிப்பதில்லை.

வரும் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அட்டையைப் பற்றிப் பார்க்கப் போகிறோம். கடித்த இடத்தில் ஏன் இரத்தம் நிற்காமல் ஓடுகிறது, நாம் வருவது அட்டைக்கு எப்படித் தெரிகிறது என்பது கேள்வி. வரும் பிள்ளைகள் மூடியுள்ள ஜாம் போத்தல் ஒன்றும், பென்சிலும், கொப்பியும் கொண்டு வரவும். மலைக்கு அடிக்கும் மருந்து இருந்த போத்தலோ கேனோ எவ்வளவு கழுவியிருந்தாலும் கொண்டு வர வேண்டாம். அட்டையை நான் பிடித்து வருகிறேன்.